மாயக்கதையும் மதிப்பெண்ணும்

நம் மன்றத்து நண்பர் ஒருவர் நீண்ட மாயக்கதை ஒன்று எழுதத் தொடங்கினார். அட்டமாசித்திகளை நாடிக் காட்டுக்குச் செல்லும் ஓர் இளைஞனின் கதை அது. அதில் அவர் ஒரு புதுமையும் செய்திருந்தார். அணிமா முதற்படி, மகிமா இரண்டாம் படி என்று தொடங்கி, வசித்துவம் எட்டாம் படி என வகுத்திருந்தார். ஓர் அரக்கனைக் கொன்றால் 40 புள்ளி. 400 புள்ளி சேர்ந்தால் அடுத்த படி. கதைத்தலைவன் கண்ணை மூடினால் அவன் முன் ஒரு பலகை தோன்றும். அவனுடைய வலிமையும் அறிவும் எஞ்சியுள்ள உயிரும் அதில் எண்களாக எழுதப்பட்டிருக்கும்.

ஒரு ஞாயிறு மாலையில் விடுதி அறையில் அவர் கதையைப் படித்துக் காட்டினார். கேட்டவர் ஆறு பேர். மூவர், "அடுத்த அதிகாரம் எப்போது?" என்று கேட்டனர். மற்ற மூவர், "இது கதையா, கணக்கேடா?" என்று கேட்டனர். விவாதம் மெஸ் மணி அடிக்கும் வரையில் நீண்டது. முடிவு கிட்டவில்லை. நண்பரோ எழுதுவதை நிறுத்திவிட்டார்.

இத்தகைய ஐயம் அவருக்கு மட்டும் உரியது அன்று. இன்று மாயக்கதை எழுத விரும்பும் மாணவர் பலருக்கும் இது எழுகிறது. ஆற்றலைப் படியாகவும் புள்ளியாகவும் எண்ணிக் காட்டும் முறையை இக் கட்டுரையில் 'விளையாட்டு முறை' என்று வழங்குவோம். அதைக் கதையில் எப்போது மேற்கொள்ளலாம், எப்போது விலக்கலாம் என்று ஆராய்வதே நம் நோக்கம்.

1. விளையாட்டுக்கு எண் ஏன் வேண்டியதாயிற்று?

முதலில் எண் எங்கிருந்து வந்தது என்று காண்போம். 1974-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டனர். நண்பர் சிலர் ஒரு மேசையைச் சுற்றி அமர்வர். ஒருவர் நடுவராக இருந்து நிகழ்ச்சிகளைச் சொல்லுவார். மற்றவர் ஒவ்வொருவரும் ஒரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ நடிப்பர். வலிமை, அறிவு, விவேகம், கைத்திறம், உடலுறுதி, பிறரை ஈர்க்கும் தன்மை என ஆறு இயல்புகள் உண்டு. மூன்று பகடைகளை உருட்டி ஒவ்வோர் இயல்புக்கும் 3 முதல் 18 வரை ஓர் எண் பெறுவர். அடிபட்டால் உயிர்ப்புள்ளி குறையும். அனுபவப்புள்ளி சேர்ந்தால் படி உயரும்.

சிறுவர் வாள்சண்டை விளையாடும்போது நாம் கேட்டிருக்கிறோம். "நீ செத்துவிட்டாய்" என்பான் ஒருவன். "இல்லை, வாள் என்மேல் படவே இல்லை" என்பான் மற்றவன். விளையாட்டு அத்தோடு கலையும். இந்தச் சண்டையைத் தீர்க்கவே எண் வந்தது. பலர் கூடி ஆடும் இடத்தில், யார் வென்றார் என்பதை எல்லாரும் ஒப்புக்கொள்ள ஒரு பொது அளவு தேவை.

கதையில் அந்தத் தேவை இல்லை. எழுதுபவர் ஒருவரே. அவர் "வாள் பட்டது" என்று எழுதினால் பட்டதுதான். அதை மறுப்பவர் எவரும் இல்லை. ஆதலின் விளையாட்டில் எண் இருப்பதற்குரிய முதற்காரணம், கதைக்குள் நுழையும்போதே உதிர்ந்துவிடுகிறது. கதையில் எண் நிலைக்க வேண்டுமானால் அதற்கு வேறு காரணம் வேண்டும். இதை மனத்தில் நிறுத்திக்கொண்டு மேலே செல்வோம்.

இங்கே ஒரு சுவையான செய்தியும் உண்டு. ஜாக் வான்ஸ் என்பவர் 1950-இல் வெளியிட்ட 'தி டையிங் எர்த்' என்னும் நூலில், மந்திரவாதி தன் மந்திரங்களை ஏட்டில் படித்து மனத்தில் ஏற்றிக்கொள்வான். ஒரே நேரத்தில் சிலவற்றைத்தான் மனம் தாங்கும். ஒரு மந்திரத்தைச் சொல்லிவிட்டால் அது நினைவிலிருந்து அகன்றுவிடும். பயணம் புறப்படுமுன் எதை ஏற்றிக்கொள்வது, எதை விட்டுச் செல்வது என்ற கவலை அவனை வாட்டும். இந்த முறையைத்தான் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் தன் மந்திரவாதிகளுக்கு எடுத்துக்கொண்டது. கதையிலிருந்து விளையாட்டுக்குச் சென்ற ஆற்றல்முறை, பின்னர் விளையாட்டிலிருந்து கதைக்குத் திரும்பிவந்தது. ரெகி கவஹாராவின் 'ஸ்வோர்ட் ஆர்ட் ஆன்லைன்' 2009 முதல் நூலாக வெளிவந்தது. கொரிய எழுத்தாளர் சுகோங்கின் 'ஸோலோ லெவலிங்' 2016-இல் தொடங்கியது. 2024-இல் அனிமேயாகவும் வந்தது. நம் விடுதிகளில் இரவு இரண்டு மணிக்கும் எரியும் விளக்குகள் சிலவற்றுக்கு இவையே காரணம்.

2. எண் தரும் இன்பம்

இத்தகைய கதைகளைப் படிப்பவரை எள்ளி நகையாடுவோர் உளர். அது முறையன்று. எண்ணில் மெய்யான இன்பம் இருக்கிறது. அது எத்தகையது என்று அறியாமல் விலக்குவதும் கொள்வதும் குருட்டுச் செயலே.

ஸோலோ லெவலிங் கதையின் தலைவன் சங் ஜின்வூ, வேட்டையாளருள் மிக நலிந்தவன். தாய் தீராத நோயில் மருத்துவமனையில் கிடக்கிறாள். செலவுக்குப் பணம் தேட அவன் சாவின் வாயிலில் நின்று பிழைக்கிறான். அவ் வுலகில் ஒருவனுக்கு ஆற்றல் விழித்த நாளில் எவ்வளவு கிடைத்ததோ அவ்வளவே வாழ்நாள் முழுவதும். பின்னர் அவன் ஒருவனுக்கு மட்டும் வளரும் வாய்ப்புக் கிடைக்கிறது. நாள்தோறும் 100 தண்டால், 100 உட்கார்ந்தெழல், 10 கிலோமீட்டர் ஓட்டம் போன்றவை கட்டளைகளாக வருகின்றன. செய்தால் பரிசு, தவறினால் கொடும் பாலைவனத்தில் தண்டனை.

இதில் நம் நெஞ்சைத் தொடுவது அரக்கரும் அல்லர், வாளும் அன்று. உழைப்பு உடனே கணக்கில் ஏறுகிறது என்பதுதான். நாம் ஓராண்டு உழைப்பை மூன்று மணி நேரத் தேர்வில் கொட்டுகிறோம். முதல்நாள் காய்ச்சல் வந்தால் அந்த ஆண்டு போயிற்று. நுழைவுத் தேர்வில் ஒரு வினா தவறினால் வரிசையில் பல நூறு இடங்கள் பின்தள்ளப்படுகிறோம். ஊரையும் மொழியையும் விட்டு வந்து, புரியாத பேச்சினிடையே படிப்பவனின் பாடு எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை. இத்தகைய நமக்கு, இன்று செய்த தண்டாலுக்கு இன்றே புள்ளி தரும் உலகம் இனிக்காமல் இருக்குமா? அது நேர்மையான கணக்கின்மீது உள்ள ஏக்கம்.

இந்த ஏக்கம் புதியதும் அன்று. வைகுண்ட ஏகாதசி இரவில் நம் பாட்டிமார் பரமபதம் ஆடினர். கட்டங்களுக்கு எண் உண்டு. நற்செயலுக்கு ஏணி, தீச்செயலுக்குப் பாம்பு. நல்லவன் மேலேறுவான் என்ற நம்பிக்கையே அந்தப் படத்தின் அடிப்படை. ஆனால் ஆடுவோனை ஏற்றுவதும் இறக்குவதும் அவன் செயல் அன்று, தாயக்கட்டையே. ஏணியில் ஏறியவன் உண்மையில் எந்த நற்செயலும் செய்யவில்லை. விளையாட்டுக்கு அது போதும். கதைக்குப் போதாது. அவன் என்ன செய்தான், அதற்காக எதை இழந்தான் என்று கதை கேட்பவர் கேட்பர்.

3. பீஷ்மர் இட்ட மதிப்பு

வீரரை மதிப்பிட்டு வரிசைப்படுத்துவது அயல்நாட்டுப் புதுமை என்று எண்ண வேண்டா. மகாபாரதத்தின் உத்தியோக பருவத்தில் அது இருக்கிறது. போருக்கு முன் துரியோதனன் கேட்க, பீஷ்மர் இருதரப்பு வீரரையும் ரதர், அதிரதர், மகாரதர் என்று தரம் பிரித்துச் சொல்லுகிறார். வீரர் பெயர்களும் தரங்களும் நீண்டுகொண்டே போகும் இடம் அது. அவ்வளவில் நின்றிருந்தால் அதுவும் ஒரு வெறும் பட்டியலே.

ஆனால் கர்ணனின் முறை வருகிறது. பீஷ்மர் அவனை அர்த்தரதன், அதாவது பாதி ரதன், என்கிறார். பிறவிக் கவசத்தையும் குண்டலங்களையும் இழந்தவன். பரசுராமரின் சாபம் பெற்றவன். ஆதலின் அவன் மதிப்புப் பாதிதான் என்கிறார். துரோணரும் அதை ஒப்புகிறார். கர்ணன் சினந்து எழுகிறான். பீஷ்மர் களத்தில் உள்ள வரையில் தான் போரிடுவதில்லை என்று சூளுரைக்கிறான். பீஷ்மர் தலைமை தாங்கிய பத்து நாளும் கௌரவர் பக்கத்துப் பெருவீரன் ஒருவன் பாசறையிலேயே இருந்துவிடுகிறான்.

இங்கே தரம் என்ன செய்கிறது என்று நோக்குக. அதை இட்டவர் ஒருவர் இருக்கிறார். அவருக்குக் கர்ணனைப் பிடிக்காது என்பதும் நமக்குத் தெரியும். அவர் சொன்ன காரணங்கள் பொய்யல்ல. எனினும் முழு உண்மையும் அல்ல. கவசத்தைக் கர்ணன் தோற்று இழக்கவில்லை. கேட்டவனுக்குக் கொடுத்து இழந்தான். அவன் கொடை அவன் மதிப்பைக் குறைத்துவிட்டது! எந்தப் பண்பால் அவன் உயர்ந்தவனோ, அதனாலேயே வரிசையில் தாழ்ந்தான். அந்த மதிப்பு அவனைச் சுடுகிறது. அவன் ஒரு முடிவு செய்கிறான். போரின் போக்கு மாறுகிறது.

இதுவே நாம் தேடிய காரணம். மனிதனுக்கும் அவனுக்கு இடப்பட்ட எண்ணுக்கும் இடையே உள்ள இடைவெளியில் கதை பிறக்கிறது. அந்த இடைவெளியைக் காட்டுவதற்கு எண் தேவைப்பட்டால் எண் இருக்கட்டும். எண்ணும் மனிதனும் ஒன்றே என்று காட்டும் இடத்தில் எண் இருந்தும் பயனில்லை.

4. எண் பெருகினால்

இந்த உண்மைக்கு இன்னொரு சான்று, அகிரா தொரியாமா 1984 முதல் 1995 வரை தொடர்ந்து வரைந்த 'டிராகன் பால்' என்னும் ஜப்பானியச் சித்திரக்கதை. அதன் நடுப்பகுதியில் எதிரியின் ஆற்றலை எண்ணாகக் காட்டும் கருவி ஒன்று வருகிறது; அதைக் கண்மேல் அணிந்துகொள்வர். துப்பாக்கி ஏந்திய ஓர் உழவனை அது 5 என்று காட்டுகிறது. பின்னர், அழுதுகொண்டிருந்த சிறுவன் கோகான் சினம் கொண்டபோது எண் 1,000-ஐத் தாண்டுகிறது. கருவி பழுதாகிவிட்டதோ என்று பகைவன் ஐயுறுகிறான். இது அருமையான காட்சி. கருவி அளக்க முடியாத ஒன்று அந்தக் குழந்தைக்குள் இருந்தது என்பதை ஓர் எண் நொடியில் சொல்லிவிடுகிறது.

ஆனால் கதை வளர வளர எண்ணும் வளர்ந்தது. ஃப்ரீசா என்னும் பகைவன் தன் ஆற்றல் 530,000 என்கிறான். உருமாறி அதற்கும் மேலே செல்கிறான். அடுத்த பகைவன் இன்னும் பெரிய எண்ணோடுதானே வர வேண்டும்? விலைவாசி ஏறும்போது பணத்துக்கு என்ன நேருமோ அதுவே இங்கும் நேர்ந்தது. எண் பெருகப் பெருக ஓர் எண்ணின் மதிப்புச் சுருங்கியது. பின்வந்த பகுதிகளில் அக் கருவியும் எண்களும் பெரும்பாலும் மறைந்தன. கதை மட்டும் எண்ணின் துணையின்றித் தொடர்ந்தது.

5. விதி வேறு, எண் வேறு

"எண்ணை விலக்கினால் மாயம் குழப்பமாகிவிடாதா? கதைத்தலைவன் நினைத்ததெல்லாம் செய்வானே" என்று சிலர் அஞ்சுவர். இந்த அச்சத்தில் பொருள் உண்டு. ஆனால் அதைத் தீர்ப்பது விதி, எண் அன்று. இரண்டையும் ஒன்றாக எண்ணுவதே நம்முள் பலர் செய்யும் பிழை.

பிராண்டன் சாண்டர்சன் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 'மிஸ்ட்பார்ன்' வரிசையை 2006-இல் தொடங்கினார். அவ் வுலகில் உலோகத் துகளை விழுங்கி அதன் ஆற்றலைப் பெறுவர். இரும்பு உலோகப் பொருளைத் தன்பால் இழுக்கும், எஃகு தள்ளும். தன்னைவிடக் கனமான பொருளைத் தள்ளினால் தள்ளியவனே பின்னே எறியப்படுவான். உலோகம் தீர்ந்தால் ஆற்றலும் தீர்ந்தது. இங்கே கடும் விதிகள் உண்டு. புள்ளியும் படியும் இல்லை. வாசகர் எவ்வளவுக்கு மாயத்தின் விதியை அறிந்திருக்கிறாரோ, அவ்வளவுக்கே அம் மாயத்தைக் கொண்டு சிக்கலைத் தீர்க்கலாம் என்பது அவர் 2007-இல் சொன்ன கருத்து.

உர்சுலா லெ குவின் 1968-இல் எழுதிய 'எர்த்சீ' கதையில் பொருளின் உண்மைப் பெயரை அறிந்தவனுக்கே அதன்மேல் ஆற்றல் உண்டு. அங்கும் எண் இல்லை. ஆனால் ஓரிடத்தில் மழையை வரவழைத்தால் வேறோரிடம் வறளக்கூடும் என்ற அச்சம் உண்டு. டோல்கியனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' 1954-55-இல் வெளிவந்தது. அதில் காண்டால்பின் ஆற்றல் எவ்வளவு என்று எங்கும் அளக்கப்படவில்லை. கணையாழி தன்னிடம் வந்தபோது அவர் அதை ஏற்க மறுக்கிறார். அந்த மறுப்பே அவர் ஆற்றலை நமக்கு உணர்த்துகிறது.

நம் வட இந்திய நண்பர்கள் அறிந்த தேவகிநந்தன் கத்ரியின் 'சந்திரகாந்தா' 1888-இல் வெளிவந்த இந்தி நாவல். அதில் வரும் திலிஸ்ம் என்னும் மாயக் கட்டடத்தை உடைக்க அதற்குரிய ஏட்டைப் படித்து முறைப்படி செல்ல வேண்டும். படி தவறினால் அழிவு. இன்றைய கணினி விளையாட்டின் பாதாளக் கூடங்களுக்கு அது ஒரு மூத்த உறவு எனலாம்.

மீண்டும் கர்ணனிடம் வருவோம். கவச குண்டலங்களுக்கு ஈடாக இந்திரன் தந்த சக்தி ஆயுதத்தை ஒரே ஒருமுறைதான் எய்யலாம். அருச்சுனனுக்கென்று கர்ணன் அதைக் காத்து வைத்திருந்தான். பதினான்காம் நாள் இரவுப் போரில் கடோற்கசன் படையை அழித்தபோது, வேறு வழியின்றி அவன்மேல் எய்துவிட்டான். "ஒருமுறை" என்ற விதி மட்டும் இல்லையானால் அந்த இரவில் துயரம் ஏது? வாசகர் அந்த விதியை முன்பே அறிந்திருந்ததனால்தான் ஆயுதம் கையைவிட்டுச் செல்லும்போதே கர்ணனின் முடிவையும் அறிந்துகொள்கிறார்.

6. முடிவு செய்ய நான்கு வினாக்கள்

ஆகவே, எழுதத் தொடங்குவோர் தம்மைத் தாமே நான்கு வினாக்கள் கேட்டுக்கொள்ளலாம்.

முதல் வினா: விதி போதுமா, எண்ணும் வேண்டுமா? "ஒருமுறைதான்", "உலோகம் தீரும் வரையில்" என்று ஒரு வாக்கியத்தில் எல்லையைச் சொல்ல முடியுமானால் விதியே போதும்.

இரண்டாம் வினா: இந்தக் கணக்கை வைத்திருப்பவர் யார்? ஆசிரியரின் வசதிக்காக வானத்திலிருந்து இறங்கும் பலகை விரைவில் சலித்துவிடும். மாட் டினிமன் 2020-இல் தொடங்கிய 'டஞ்சன் கிராலர் கார்ல்' வரிசையில், உலகத்தை அழித்த அயற்கோளத்தார் எஞ்சிய மனிதரைப் பாதாளத்தில் ஓடவிட்டுப் புள்ளியிட்டு வேடிக்கைக் காட்சியாக ஒளிபரப்புகின்றனர். அங்கே ஒவ்வொரு புள்ளிக்குப் பின்னும் ஒரு வணிகன் நிற்கிறான். ஆதலின் எண்ணே பகைவனின் குரலாகிறது.

மூன்றாம் வினா: எண் குறைந்தால் யாருக்கு என்ன இழப்பு? ஸ்வோர்ட் ஆர்ட் ஆன்லைனில் 10,000 பேர் ஒரு விளையாட்டுக்குள் சிறைப்படுகின்றனர். அங்கே உயிர்க்கோடு தீர்ந்தால் மெய்யாகவே உயிர் போகும். ஆதலின் அக் கோடு சிறிது குறைந்தாலும் நம் மூச்சு நிற்கிறது.

நான்காம் வினாவே தலையாயது: இந்த எண் எதை அளக்கத் தவறுகிறது? இதற்கு விடை இருந்தால் விளையாட்டு முறையைத் துணிந்து மேற்கொள்ளலாம். விடை இல்லையானால் விட்டுவிடுவதே நன்று.

பயிற்சியாக ஒன்று செய்து பார்க்கலாம். எழுதிய ஓர் அதிகாரத்தை எடுத்து, எண்களை எல்லாம் மையால் அடித்துவிட்டு, கதையை அறியாத ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். அவருக்கு எதுவும் குறையாகத் தோன்றவில்லையானால் அந்த எண்கள் சுமையே. கதை நொண்டினால், எங்கே நொண்டுகிறது என்று பார்த்து, அங்கே மட்டும் எண்ணைத் திரும்ப வையுங்கள்.

7. நண்பர் கண்ட முடிவு

நம் நண்பர் அந்தப் பயிற்சியைச் செய்தார். அரக்கருக்குரிய 40 புள்ளியும் போயிற்று. கண்ணை மூடினால் தோன்றும் பலகையும் போயிற்று. ஆனால் ஓரிடத்தில் எண்ணை அவர் விடவில்லை. குருவின் குடிலில் ஒரு சுவர். அதில் சீடரின் பெயர்களையும் அவர்கள் எய்திய படிகளையும் குரு கரியால் எழுதிவைப்பார். கதைத்தலைவன் பெயர் அடியில் இருக்கிறது. ஒருநாள் கீழே உள்ள சிற்றூரில் வெள்ளம் வருகிறது. நோன்பு கலைந்தால் படி இறங்கும் என்பது விதி. முதலிடத்துச் சீடன் எழவில்லை. கதைத்தலைவன் எழுந்து ஓடுகிறான். மூன்று நாள் கழித்துச் சேற்றோடு திரும்பி வருகிறான். சுவரில் அவன் பெயர் அழிக்கப்பட்டிருக்கிறது.

அந்த இடத்தைப் படித்தபோது அறையில் ஒருவரும் பேசவில்லை. "இது கணக்கேடா?" என்று முன்பு கேட்டவரே, "சுவரை அழித்தது குருதானா? அவர் அதன்பின் என்ன சொன்னார்?" என்று கேட்டார். நண்பர் சிரித்துக்கொண்டு, "அடுத்த அதிகாரம்" என்றார்.

நம் அறைகளின் சுவர்களிலும் மதிப்பெண் பட்டியல்கள் தொங்குகின்றன. அவை பொய்யல்ல, வேண்டாதனவும் அல்ல. ஆனால் காய்ச்சலில் கிடந்த தோழனுக்குக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்து, மறுநாள் தேர்வில் நான்கு மதிப்பெண் இழந்தவன் ஒருவன் நம் விடுதியிலேயே இருப்பான். அவன் பட்டியலில் அந்தக் கஞ்சிக்கு இடமில்லை. அந்த இடத்தைக் காட்டுவதற்குத்தான் கதை வேண்டும். அதற்கு எண் உதவுமானால் எண்ணோடு எழுதுங்கள். உதவாதானால் எண்ணின்றி எழுதுங்கள். இரண்டில் எதுவாயினும், எழுதுவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.